வண்டியும் ஓட்டணும், பொழுதையும் ஓட்டணும்

ஜீப்பு டிரைவருக்கு இரண்டு வேலை: வண்டியை ஓட்டுவது ஒன்று, ஏறி உட்கார்ந்தவர்களுக்குப் பொழுதை ஓட்டுவது இன்னொன்று. லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் முதல் வேலைக்கு மட்டும்தான் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இரண்டாவது வேலைக்குத் தினமும் பரீட்சை நடக்கிறது. அதில் நான் பலமுறை தோற்றவன்.

என் தடம் சுலபமானது. விடியற்காலையில் சிலமலையில் காயெடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, போடி வழியாக முந்தல் போய், அங்கிருந்து மலையேறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களை அதே வழியில் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காயெடுப்பு என்றால் ஏலச்செடியின் தூரில் குனிந்து உட்கார்ந்து, விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்கிற வேலை. இப்படிப் போகிற ஒரு கூட்டத்தை நாங்கள் செட்டு என்போம். சீசனுக்கு ஒரு செட்டு நிலையாக அமைந்துவிட்டால் வருஷம் முழுக்க என் வீட்டு அடுப்பைப் பற்றிக் கவலையில்லை. செட்டு வேறு வண்டிக்கு மாறிவிட்டால் ஜீப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்து காதைக் குடைய வேண்டியதுதான்.

உங்களில் பஸ்சோ வேனோ ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனில் ஓடுகிற மூட்டுவலி வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்கிறவர்கள் இன்னும் அதிகமாக இருப்பீர்கள். உங்கள் கஷ்டம்தான் என் கஷ்டம். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

பேச்சியம்மாக்கா வைத்த இண்டர்வியூ

என் செட்டுக்குத் தலைவி பேச்சியம்மாக்கா. யார் வேலைக்கு வருவது, எந்தத் தோட்டத்துக்குப் போவது, எந்த ஜீப்பில் ஏறுவது எல்லாம் அவர் சொல்வதுதான். முதன்முதலாக அவரிடம் கேட்கப் போனபோது வண்டியைக் கழுவித் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, எஃப்.சி. காட்டிய பேப்பரையும் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றேன். அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து அவர் நடக்க நடக்கச் சத்தம் போட்டது.

பிரேக்கைப் பற்றிக் கேட்பார், மேட்டில் நிறுத்திக் காட்டலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். ஒரு பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இறங்கி, நாளைக் காலையில் வந்துவிடு என்றார். பிரேக்கைப் பார்க்கவில்லையா அக்கா என்று நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“வண்டிய எவன் வேணாலும் ஓட்டுவான் அப்பு. பாட்டு எப்பிடி ஓடுதுன்னு பாத்துத்தேன் ஏறணும்.”

காட்டெருமைக்கு வழிவிட்டது

என் பாட்டுப்பெட்டிக்கு முதல் போட்டியாக வந்தது செல்போன். ஆளுக்கொரு போன் வந்ததும் வண்டிக்குள் ஆளுக்கொரு திருவிழா. ஒரு போனில் கோழிக்குழம்பு கொதிக்கும். பக்கத்துப் போனில் சாமி ஆடுவார்கள். அதற்கடுத்த போனில் யாரோ யாரையோ அறைந்துகொண்டே இருப்பார்கள், அது காமெடியாம். எல்லாமே முழுச் சத்தம். நான் அடிக்கிற ஹாரன் எனக்கே கேட்கவில்லை. காதில் மாட்டிக் கேளுங்கம்மா என்று கும்பிடு போட்டுக் கேட்டேன். மாட்டினார்கள். வண்டி அமைதியாகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, இனிமேல் என்னோடு பேச ஆளில்லை. அத்தனை பேரில் செல் பார்க்க முடியாதவன் நான் ஒருத்தன்தான். எனக்கு வாய்த்த படம் ரோடு மட்டும்.

ஒரு நாள் பனி விலகாத காலை. வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு காட்டெருமை நின்றது. என் பானெட்டை விட உயரம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால். வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பின்னால் ஒரு தலைகூட நிமிரவில்லை. அது ஓரத்துப் புல்லை இரண்டு வாய் கடித்து, நிதானமாக மென்று, பிறகு மனம் வந்து சரிவில் இறங்கிப் போனது. அந்தக் குளிரிலும் வேர்த்து என் சட்டை நனைந்திருந்தது. நான் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் பின்னாலிருந்த மாரியம்மா ஒரு காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

“ஏண்ணே இங்கன நிப்பாட்டுனீக, டவர் நல்லாக் கெடைக்குதா?”

நோட்டீசு

எங்கள் மலை ரோட்டுக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் குனிந்து செல்லைப் பார்த்தால் வயிறு வாய்க்கு வந்துவிடும். முந்தலில் நன்றாக இருந்த பெண்கள் பாதி மலையில் வாயைப் பொத்துவார்கள். எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் நான்தான் வாங்கிப் போட வேண்டும், வண்டியையும் நான்தான் கழுவ வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, போடியில் ஒரு கடையில் நோட்டீசு அடித்து என் சீட்டின் முதுகில் ஒட்டினேன். ‘வளைவில் செல் பார்க்காதீர். மீறிப் பார்த்து வாந்தி எடுப்போர் வண்டியைக் கழுவிவிட்டு இறங்கவும்.’ எழுத்து சின்னதாகிவிட்டது, ஆனால் கண்டிப்பு இருந்தது.

முதல் நாளே செட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் வாந்தி எடுத்துவிட்டாள். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று வாளியை எடுத்து நீட்டி, செல்லைப் பார்த்தாய் அல்லவா என்று அதட்டினேன். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாவமாகச் சொன்னாள்.

“செல்லை நான் தொடவே இல்லண்ணே. ஒங்க நோட்டீசைத்தேன் எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிட்டு வந்தேன்.”

குரங்கணிக்கு வந்த குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை செட்டு கிடையாது. போடி ஸ்டாண்டில் நின்றால் குரங்கணிக்கு டூரிஸ்ட் கிடைப்பார்கள். ஒரு முறை மதுரையிலிருந்து அப்பா, அம்மா, பத்தாவது படிக்கிற பெண் என்று மூன்று பேர் வந்தார்கள். ஏறுவதற்கு முன்பே அந்த அப்பா எல்லார் செல்போனையும் வாங்கி ஒரு பைக்குள் போட்டு, என் டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். மலையை விட்டு இறங்குகிற வரைக்கும் யாருக்கும் செல் கிடையாது, இயற்கையோடு இருக்கப் போகிறோம் என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதை காப்பித்தோட்டம் வரைக்கும் தாங்கியது. இது என்ன செடி என்றார். காப்பி என்றேன். சரி, அடுத்து என்ன என்றார். மிளகுக்கொடி காட்டினேன். அடுத்து என்றார். ஓடை காட்டினேன். ஓடையைப் பார்த்துவிட்டு, இது இப்படியே ஓடிக்கொண்டுதான் இருக்குமா என்று கேட்டார். பாறைமேல் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினார், பேண்ட்டுப் பையைத் தடவினார், எழுந்தார், உட்கார்ந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாக, அந்த டூல்ஸ் பெட்டியை ஒரு நிமிஷம் திறக்க முடியுமா, மணி பார்க்கணும் என்றார். கையில் வாட்ச் கட்டியிருந்தார். அதே நேரத்தில் அவர் பெண் ரொம்ப நேரமாக அசையாமல் அவர் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஒரு அட்டை அவர் ஷூவில் ஏறி, சாக்ஸைத் தாண்டி, பேண்ட்டுக்குள் போவதற்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன், அவர் குதித்தார், அம்மா அலறினார். இதைப் பார்த்துக்கொண்டா சும்மா இருந்தாய் என்று அப்பா பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு தூரம் ஏறுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்ப்பா, எனக்குப் போரே அடிக்கலை.”

சடவும் போரும்

ஆவணி மழை, காயெடுப்பு மும்முரமான நேரம். என் பாட்டுப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. போடியில் ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து, உள்ளே ஏதோ கருகியிருக்கிறது, மாற்றுவதற்கு மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார். நோட்டீசு விவகாரத்துக்குப் பிறகு, முந்தல் தாண்டினால் செல் பைக்குள் போக வேண்டும் என்று பேச்சியம்மாக்காவே சட்டம் போட்டிருந்தார். ஆக, செல்லும் இல்லை, பாட்டும் இல்லை. என் எஞ்சின் இவ்வளவு சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விட்டால் செட்டு கை நழுவிவிடும் என்று எனக்குப் பயம். நானே ஒரு சினிமாக் கதை சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் பார்த்த படம். நான் தப்பாகச் சொன்ன இடத்தையெல்லாம் திருத்தினார்கள். அது அலுத்ததும் என்னையே எடுத்துக்கொண்டார்கள். முன்தலையில் முடி ஏன் கொட்டுகிறது, நேற்று ஏன் மெட்டுக் கடையில் சாப்பிட்டேன், வீட்டில் சண்டையா, சண்டை என்றால் யார்மேல் தப்பு? போடிமெட்டு வருவதற்குள் விசாரணை முடிந்து, தப்பு என்மேல்தான் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. அடுத்தவர்களுக்குப் பொழுது போகாவிட்டால் ஆபத்து நமக்குத்தான், இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

மாரியம்மா மட்டும் போரடிக்குது, போரடிக்குது என்று முனகிக்கொண்டே வந்தாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னத்தடி பெரிய போரு? எங்களுக்கெல்லாம் சடவுதேன் தெரியும். சடவு வேலை பாத்தா வரும், உக்காந்தாப் போயிரும். ஒங்க போரு உக்காந்தாத்தேன் வருது” என்றார். சடவு என்றால் எங்கள் பக்கம் உடம்பு அசந்து சோர்வது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! இன்னும் இரண்டு வளைவு தாண்டியிருப்போம், அக்கா முன்னால் எட்டி என் தோளைத் தட்டினார்.

“ஏ அப்பு, அந்தப் பெட்டி எப்ப வரும்னுதேன் சொன்னான்?”

ராசாத்தி சொன்ன சீரியல்

ராசாத்தி பேச்சியம்மாக்காவின் மகனைக் கட்டியவள். ஒரே வீடு, ஒரே செட்டு. வாயில் வார்த்தை இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. மலையேறினால் தலை சுற்றும் என்று முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில், இடது கதவோரம் உட்காருவாள். பாட்டில்லாத மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, பின்னால் யாரோ ராத்திரி டிவியில் போடுகிற ஒரு சீரியலைப் பற்றிக் கேட்டார்கள். சேவல் கூவும் முன்பே எழுந்து கஞ்சி காய்ச்சி வண்டியேறுகிறவர்கள், சீரியல் போடுகிற நேரத்துக்குப் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். நான் போனில் பார்த்தேன் என்று ராசாத்தி மெதுவாகச் சொன்னாள். சொல்லுடி என்றார்கள். சொன்னாள்.

எனக்கு ஸ்டியரிங் பிடிப்பதே மறந்துவிடும் போலிருந்தது. பெரிய பங்களா, ஐந்து கார், அந்த வீட்டில் ஒரு மாமியார். மருமகள் டீ போட்டுக் குடித்துவிடுவாளோ என்று டீத்தூள் டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறவள். ஐந்து கார் இருக்கிற வீட்டில் டீத்தூளை எதற்குப் பூட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பணக்காரர்கள் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். பேச்சியம்மாக்கா இடுப்புச் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு, “வெளங்குவாளா அவ? நாசமாப் போவா!” என்று சபித்தார். தான் பூட்டினால் சிக்கனம், அடுத்தவர் பூட்டினால் கஞ்சத்தனம், இது உலக வழக்கம்தானே. தினமும் கொஞ்சமாக வளர்ந்த கதையில், அந்த வாரக் கடைசியில் மாமியாரின் காப்பியில் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள். அவள் அடுப்படியில் மயங்கி விழுந்த இடத்தில் தோட்டம் வந்துவிட்டது. வண்டியை விட்டு யாரும் இறங்கவில்லை.

மலையாளச் சூப்பர்வைசர் ஓடி வந்தார். “வேகம் எறங்கு சேச்சிமாரே” என்று சத்தம் போட்டார். வேலை நேரத்தில் கதை பேசக்கூடாது என்று எச்சரித்தார். மாரியம்மா கதைச் சுருக்கத்தை அவருக்குச் சொல்லிச் சமாதானம் பண்ணினாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பும்போது பார்க்கிறேன், மனுஷன் குடையைச் சாய்த்துக்கொண்டு ராசாத்தி உட்கார்ந்திருந்த செடிக்குப் பக்கத்திலேயே மீதிக் கதைக்காக நின்றுகொண்டிருந்தார்.

“பின்னே எந்தாயி?”

பரமனின் புது வண்டி

ஸ்டாண்டில் எனக்குச் சினேகிதனும் போட்டியாளனும் பரமன். அவன் அந்த நேரம் பார்த்துப் புது வண்டி எடுத்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்தவர்கள் கண்ணுக்கு நேராக ஒரு டிவி மாட்டியிருந்தான். குனிந்து பார்த்தால்தானே வாந்தி, நிமிர்ந்து பார்த்தால் எப்படி வரும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அந்த ராத்திரி சீரியலையே டவுன்லோடு பண்ணி வைத்துக்கொண்டு நேராகச் சிலமலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் நான் போய் நின்றபோது செட்டு அவன் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. மாரியம்மா என்னைப் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரி பண்ணினாள். ராசாத்தி மட்டும் வேலைக்கே வரவில்லை, தலைவலியாம். சீசன் முழுக்கப் போச்சு என்று நினைத்தேன். பாட்டுப்பெட்டி இந்த வாரம் வந்துவிடும், கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். பேச்சியம்மாக்காவுக்கும் சங்கடம்தான். ஏறுபடியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்தபடி சொன்னார்.

“கதையக் காதால கேட்டது போதும் அப்பு, கண்ணால பாத்துட்டு வர்றோம்.”

காலி வண்டி

கிடைத்த உர மூட்டையை ஏற்றிக்கொண்டு தனியாக மலையேறினேன். எனக்குப் போர் என்பதே தெரியாது, செல் இல்லாமலே பொழுதைப் போக்குகிறவன் நான் என்று ஸ்டாண்டில் பெருமை பேசியிருக்கிறேன். அந்தப் பெருமையெல்லாம் முந்தலிலேயே முடிந்துவிட்டது. உர மூட்டை ஒன்றும் பேசவில்லை. வளைவு வந்தது, போனது, இன்னொரு வளைவு வந்தது. இத்தனை வருஷமாக எனக்குப் பொழுது போனதற்குக் காரணம் நானில்லை, பின்னால் உட்கார்ந்து என் முடியைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்கள்தான் என்பது தெரிந்துபோயிற்று. சொல்வதற்கு என்ன, எனக்கு அழுகைகூட வந்தது.

அதைவிடப் பெரிய அவஸ்தை, அந்த மாமியார் பிழைத்தாளா இல்லையா என்பது. நானும் என்னையறியாமல் கதையில் மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் கேட்டேன். அவள் ஒரு நாள்கூட விடாமல் சீரியல் பார்க்கிறவள். அந்த ராத்திரி சீரியலில் டீத்தூளைப் பூட்டுகிற மாமியாருக்குக் காப்பியில் விஷம் வைத்தார்களே, அது யார் என்று தெரிந்துவிட்டதா என்றேன். அந்தச் சீரியலில் அப்படி ஒரு மாமியாரே கிடையாது என்றாள். இருக்கிறாள், எனக்கு நன்றாகத் தெரியும், பெரிய பங்களா, ஐந்து கார் என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதை எந்த வீட்டு டிவில உக்காந்து பாத்துட்டு வந்தீக?”

படம் காட்டிய பலன்

ஒரு வழியாக மதுரையிலிருந்து சாமான் வந்து, பாட்டுப்பெட்டி ரிப்பேர் ஆனது. கூடவே இரண்டு புது ஸ்பீக்கரும் மாட்டினேன். இதைக் காட்டியாவது செட்டைத் திரும்பக் கேட்டுப் பார்ப்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால், பரமன் புது வண்டியின் கதவெல்லாம் திறந்துபோட்டு, வாளியும் பினாயிலுமாக நின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். வண்டி இடது பக்கம் சாய்கிறது, டிவியில் கார் வலது பக்கம் போகிறது. வண்டி வலது பக்கம் சாய்கிறது, டிவியில் எவளோ ஒருத்தி சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். நிமிர்ந்தே பார்த்தாலும் வயிறு ஏமாறவில்லை. குனிந்து பார்த்த காலத்தில் ஒருத்தர் இரண்டு பேர்தான். இப்போது எல்லாரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்ததால், எல்லாருக்கும் ஒரே வளைவில். முதல் நாள் பசி என்று நினைத்தார்களாம். இரண்டாம் நாள் காற்றோட்டம் இல்லை என்றார்களாம். அதற்கடுத்த நாள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நானும் ஒரு வாளி தண்ணீர் தூக்கி ஊற்றினேன்.

“மாப்ளே, படம் காட்டுனாக் கூட்டம் வரும்னு நெனச்சேன். வாந்தி வரும்னு எவன் கண்டான்?”

மாமியார் உயிரோடு இருக்கிறாள்

அடுத்த நாள் விடியும் முன்பே சிலமலையில் செட்டு எனக்காக நின்றது. மாரியம்மா முதல் ஆளாக ஏறினாள். ராசாத்தியும் தலைவலி தீர்ந்து வந்திருந்தாள். பேச்சியம்மாக்கா முகம் மட்டும் சரியில்லை. நான் புது ஸ்பீக்கரைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. முந்தல் தாண்டியது, செல்லெல்லாம் பைக்குள் போயின. பாட்டைப் போடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா முன்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“ஏ ராசாத்தி, அந்த மாமியா உசுரோட இருக்காடி. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஒரு கல்யாண வீட்டுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. வெசத்தையும் காணோம், டீத்தூளையும் காணோம். நீ என்னத்தடி பாத்த?”

ராசாத்தி கதவோரமாக ஒடுங்கினாள்.

“நான் ஒண்ணும் பாக்கல அத்தே. என் போன்ல ரீசார்ஜ் தீந்து ரொம்ப நாளாச்சு. போட்டுத் தாங்கன்னு கேட்டா வைவீகன்னு பேசாம இருந்துட்டேன். படுத்தா ஒடனே தூக்கம் வர மாட்டேங்குது. சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நானா நெனச்சதுதேன் எல்லாம்.”

அப்போதுதான் பின்னாலிருந்து மாரியம்மா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எல்லாருக்கும் தோன்றிய கேள்வியைக் கேட்டுவிட்டாள். “அப்ப டீத்தூளைப் பூட்டி வைக்கிற அந்த மாமியா யாருடி?”

வண்டி வளைவில் குலுங்கியது. பேச்சியம்மாக்கா இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அக்காவின் கை மெதுவாக அதன்மேல் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது. மாமியாரும் மருமகளும் இங்கே முட்டிக்கொண்டால் செட்டே இரண்டாக உடையும், பாதி மலையில் என் சீசன் முடியும். என்ன செய்வதென்று தெரியாமல், பேச்சை மாற்றுவதற்காகப் பாட்டுப்பெட்டியைத் திருகப் போனேன்.

“கைய எடு அப்பு!” என்று ஒரு அதட்டல். எடுத்துவிட்டேன். அக்கா இன்னும் முன்னால் சாய்ந்து, மருமகளின் முகத்தைப் பார்த்தார். நாசமாய்ப் போவாள் என்று தான் சபித்ததெல்லாம் யாரை என்று அவருக்கு இப்போது விளங்கியிருக்கும். கோபமா, வெட்கமா, சிரிப்பா என்று என்னால் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இப்ப அவ எங்கடி கெடக்கா?”

“அடுப்படிலதேன் அத்தே. மயங்கி விழுந்து கெடக்கா.”

“ஏன்டி, இத்தன நாளா அங்கனயே போட்டு வச்சிருக்கியா? வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போடி மொத!”

அந்த மாமியார் பிழைத்து எழுந்துவிட்டாள், டீத்தூளை மட்டும் இன்னும் பூட்டித்தான் வைக்கிறாள். புது ஸ்பீக்கர் இரண்டும் சும்மா கிடக்க, வண்டியை நான் ஓட்டுகிறேன், பொழுதை ராசாத்தி ஓட்டுகிறாள்.